எல்லா எண்ணுக்கும் பதில்

மார்ச் 11, காலை 9.10

நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். பணியில் இருப்பவர்: கோமதி, மின்னணுப் பராமரிப்பு. மற்ற மூவரும் போன மாதமே பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். மாற்று ஆட்கள் வரவேண்டிய கப்பல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் நின்றுவிட்டது. மின்சாரத்தை ஐந்து வோல்ட்டிலேயே நிறுத்திவைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்று கால் வைத்த கறுப்புத் துண்டு. நம்மூர்க் கடையில் கைநிறைய அள்ளித் தருவார்கள். சேமிப்புக் காற்று ஒரு வாரம் தாங்கும், பயமில்லை.

பழைய மின்சுற்றுப் பலகைகளிலிருந்து பிய்த்த பாகங்களை முன்பு இருந்தவர்கள் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். புண்ணியவான்கள், ஒன்றுக்கும் பெயர் எழுதவில்லை. எல்லாமே கறுப்பு, எல்லாமே மூன்று கால். முதுகில் பொறித்திருக்கும் எண்ணை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். அதுவும் தேய்ந்து கிடக்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய விபூதியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரிகிறது. சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் எண்களை வாசிக்க, பூமிக் கட்டுப்பாட்டு அறையில் தஸ்லிமா புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறாள். மேலப்பாளையத்துப் பெண், என்னைவிட இளையவள்.

"அக்கா, நாலாவதா சொன்னீங்கல்ல, அதான் அஞ்சு வோல்ட் ரெகுலேட்டர். தைரியமா வைங்க."

மார்ச் 12, காலை 11.40

வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் புகைந்தது.

"போர்டுல வேற ஏதாவது கோளாறா இருக்கும்க்கா. ஒன்பதாவது நம்பர வச்சுப் பாருங்க. கவலப்படாதீங்க, கப்பல் கெளம்பிருச்சு."

கப்பல் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பதாவதை வைத்தேன். அதுவும் புகைந்தது. பலகையைத் தடம் தடமாகச் சோதித்தேன், ஒரு கோளாறும் இல்லை. இரண்டு பாகமும் ரெகுலேட்டரே இல்லை.

எரிச்சலாக இருக்கிறது. அதைவிட இன்னொன்று உறுத்துகிறது. முப்பது எண் வாசித்திருப்பேன், தஸ்லிமா ஒன்றுக்குக்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அப்படி நடக்கவே நடக்காது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் பொறிக்கும். பாதிக்கு உதட்டைப் பிதுக்கத்தான் வேண்டியிருக்கும். அவளும் வழக்கமாக, "இது எந்த ஊருச் சரக்குன்னே தெரியலக்கா" என்று சலித்துக்கொள்கிறவள்தான்.

மார்ச் 13, காலை 8.05

சோதித்துப் பார்த்தேன். என் பள்ளிக்கூடப் பதிவு எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்தை ஒட்டி வாசித்தேன். உலகத்தில் அப்படி ஒரு பாகமே கிடையாது.

"அது மோட்டார் ஓட்டுற ஐசிக்கா. எட்டு கால். மூணாவது கால்ல மின்சாரம் குடுக்கணும்."

உடனே தொடர்புக் கருவியைத் திறந்து பார்த்தேன். பூமியோடு பேசுவதும் கேட்பதும் ஒரே பலகையில்தான். அதில் இருக்கும் ரெகுலேட்டரும் கருகியிருக்கிறது. பலகை சில்லென்று கிடக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

பூமியிலிருந்து வரும் பேச்சில் ஓரிரு சொல் விட்டுப்போனால் நிலையக் கணினி அதே குரலில் நிரப்பிக்கொடுக்கும். நல்ல வசதி என்று நானே பாராட்டியிருக்கிறேன். இப்போது பேச்சே வரவில்லை. முழுவதையும் அதுவே நிரப்புகிறது. பதில் வர ஆகும் இரண்டரை விநாடித் தாமதத்தைக்கூட மறக்கவில்லை.

பூமியிலும் இதே மென்பொருள்தான். அங்கே என் குரலில் அது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது?

மார்ச் 14, மாலை 4.30

இனி யாரையும் கேட்பதில்லை. டப்பாவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வோல்ட் கொடுத்து மீட்டரில் அளந்தேன். ஒன்றே ஒன்று சரியாக ஐந்து வோல்ட் தருகிறது. ஒரு பாகம், இரண்டு பலகை.

காற்றுக்கு வைத்தால் சாப்பாடு தீரும்வரை உயிரோடு இருப்பேன். ஆனால் நான் நலம் என்று பூமி நம்பிக்கொண்டிருந்தால் யார் வருவார்கள்? முதலில் தொடர்புக்கு வைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிறகு கழற்றிக் காற்றுக்கு வைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பிய்த்த பாகம், கால்கள் ஆடுகின்றன. பயமாக இருக்கிறது.

மார்ச் 15, காலை 10.20

வைத்தேன். பலகை சூடானது. முதலில் இரைச்சல், அப்புறம் தஸ்லிமா.

"அக்கா! இப்பத்தான் லைன் தெளிவா வருது, சொல்லுங்கக்கா!"

வேறெதுவும் சொல்வதற்கு முன்னால் அந்தப் பொய் எண்ணை வாசித்தேன்.

"தெரியலக்கா. அப்படி ஒரு நம்பர் எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

தரையில் உட்கார்ந்து அழுதேன். இதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை. பிறகு நடந்ததை எல்லாம் கொட்டினேன்.

"கப்பல் நாளைக்கே வருதுக்கா. நீங்க காத்துக்கு மாத்திருங்க."

மார்ச் 15, காலை 11.55

கழற்றும்போது நடுக்கால் வேரோடு முறிந்துவிட்டது. பிளாஸ்டிக்கைச் சுரண்டிக் கம்பியை ஒட்டப் பார்க்கிறேன். பிடிக்கவில்லை. பரவாயில்லை, நாளைக்குக் கப்பல்.

மார்ச் 15, நண்பகல் 12.30

தொடர்புப் பலகையில் இப்போது ரெகுலேட்டர் இல்லை. அது என் உள்ளங்கையில் இருக்கிறது.

"அக்கா, சாப்டீங்களா?"

இந்தக் குரல் பொய், அது தெரியும். காலையில் பேசியது? தெரியல என்று சொன்னாளே, அவளாகத்தான் இருக்கும். கணினிக்கு என் சோதனை எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதினேன், அவ்வளவுதான். இந்தக் குறிப்பை நான் தட்டுவதும் அதே கணி

மார்ச் 20, காலை 9.10
*விடுபட்ட பகுதி நிரப்பப்பட்டது*

பணியில் இருப்பவர்: கோமதி. காற்று இயந்திரம் நன்றாக ஓடுகிறது. பாகங்கள் அனைத்தும் இனம் காணப்பட்டன. உடல்நலத்தில் குறை இல்லை. கப்பலுக்கு அவசரம் இல்லை.