ஏரித் தண்ணீர் வரைக்கும் ஒரு சாய்வுப் பாதை

என் உசுரான அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடாது, தெரியும். ஆனாலும் பேனா பிடித்ததும் கை அப்படித்தான் எழுத வருகிறது. நீ போய் நாலு வருஷம் ஓடிவிட்டது. உனக்குச் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் ஏரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நம்ம ஏரிதான். சூரமங்கலத்தில் நம் சந்து முடிகிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோமே, அதேதான்.

அதற்கு முன்னால் ஒரு சேதி. எனக்கு இடது கால் இல்லை அண்ணா. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரைப் புண். செருப்பு கடித்த இடம் ஆறவே இல்லை. கடைசியில் காலா உயிரா என்று டாக்டர் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? செருப்பு போட்டுக்கொண்டே வலியைச் சொல்லாமல் இருந்ததற்கு நன்றாகத் திட்டியிருப்பாய். அப்புறம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

ரெண்டு வயதில் போலியோ வந்த கால்களோடு, மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிச் சுற்றியே வளர்ந்தவன் நீ. ஜங்ஷன் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை போட்டு, ஊருக்கே வேண்டியவனாக இருந்தாய். சின்ன வயதில் உன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த நான் இப்போது வீல்சேரில் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளுகிறவளுக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் உட்காருகிறவளுக்குத் தெரிகிறது அண்ணா. ஏன் எதையுமே நீ என்னிடம் சொல்லவில்லை?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் வாசல்படி தாண்டவில்லை. பார்க்க வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் சேலைக்குக் கீழே பார்ப்பார்கள், அப்புறம் "விதி" என்பார்கள். அதற்குப் பயந்தே கதவைச் சாத்திக்கொண்டேன். உன் மச்சான் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தாலும் என்னை வற்புறுத்த மனசு வராது அவருக்கு.

இதற்கு நடுவில்தான் கவிதாவுக்குக் கல்யாணம் கூடியது. ஆமாம், நான் பெற்ற உன் மருமகளுக்குத்தான். நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். பையன் பதவிசானவன். ஐப்பசியில் முகூர்த்தம். நான் மேடைக்கு வரமாட்டேன், மணப்பெண் அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் சேரோடு தூக்கி மேடையில் வைத்து, அத்தனை சனமும் பார்க்க, என்னால் முடியாது என்றேன். அன்றைக்கு ராத்திரி கவிதா சாப்பிடவில்லை.

அதோடு முடியவில்லை. அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். உங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. சீர்த்தட்டத்தை யார் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தபோது, உன் பொஞ்சாதி, என் நங்கையாவே முந்திக்கொண்டு, பெரியப்பா பையன் செய்யட்டும், நான் பந்தி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, பெண்ணைப் பெற்றவள் அறைக்குள்ளே, தாய்மாமன் பெண்டாட்டி பந்தியிலே. இப்படித்தான் எல்லாம் முடிவாகியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நங்கையா ஆட்டோவோடு வந்து நின்றார். உன் கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார், தெரியுமா? உடைந்த டிஸ்ப்ளேயை உன்னைவிடச் சுத்தமாக மாற்றுகிறார் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

"ஏரியைப் பாத்துப்போட்டு வரலாம், வா சாமி" என்றார். சாக்கடையில் பார்க்க என்ன இருக்கிறது என்றேன். அவர் வாதாடவே இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கவிதா என் வீல்சேரை மடக்கி ஆட்டோவுக்குப் பின்னால் வைத்துக் கட்டிவிட்டாள். ரெண்டு பேரும் முந்தின நாளே பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரியைச் சீர்படுத்துகிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. ஜேசிபி சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். ஆனால் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆகாயத்தாமரை ஒரு இலைகூட இல்லை அண்ணா. தண்ணீர் தெரிகிறது. கரை முழுக்கச் சீமைக்கருவேல முள்ளாகக் கிடந்த இடத்தில் புங்கனும் வேம்பும் வரிசையாக நிற்கின்றன. பன்றி மேய்ந்த மேட்டில் குழந்தைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். நடுவிலே ஒரு மண்திட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதில் கொக்குகள் துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. நாற்றம் எங்கே போனது? மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஈர மண் வாசம்தான் வந்தது.

நாம் வளர்ந்த அந்தப் பழைய சந்தும் மாறிவிட்டது. பழைய இரும்புக் கடை இருந்த இடத்தில் இளநீர்க் கடை, டீக்கடை, சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடை. வீடுகளெல்லாம் முன்பு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்குமே, இப்போது அந்தப் பக்கம் ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு சாய்வுப் பாதை போட்டிருக்கிறார்கள். வளைந்து வளைந்து, ரெண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பியோடு. அதன் வாயை அடைத்து ரெண்டு பைக்கை யாரோ நிறுத்தியிருந்தார்கள், நம் ஆட்கள்தானே. எனக்கு அதுவே போதுமாக இருந்தது, திரும்பிவிடலாம் என்றேன். காவல்காரர் ஓடிவந்து, இது தினமும் நடக்கிற கூத்துங்க என்று சலித்துக்கொண்டே ரெண்டையும் நகர்த்திக் கொடுத்தார்.

நங்கையா பின்னாலிருந்து தள்ளினார். பாதி தூரம் போனதும், விடுங்க, நானே போகிறேன் என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாதை ஆளைத் தள்ளிவிடுகிற பாதை இல்லை. நம் அவசரத்துக்கு வராமல் மெதுவாக இறக்குகிறது. தண்ணீர் ஓரத்தில் ஒரு மேடை. அங்கே போய் நின்றேன். யாரும் என்னைத் தூக்கவில்லை.

கோடையில் ஏரி வற்றினால் உன் சேக்காளிகள் உள்ளே வாலிபால் ஆடுவார்கள், நீ மேலே கரையில் வண்டியில் உட்கார்ந்து கத்திக் கத்தி ஸ்கோர் சொல்வாய். அவர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே போக வருவார்கள். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். ஏன் என்று கேட்டதற்கு ஒருநாள் சொன்னாய்: "தூக்குனாலும் நன்றி சொல்லோணும், எறக்கி உட்டாலும் நன்றி சொல்லோணும். நாளெல்லாம் நன்றி சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா மல்லி?" வீம்பு பிடித்தவன் என்று அப்போது நினைத்தேன். அந்த மேடையில் நின்றபோதுதான் விளங்கியது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, நங்கையா கூப்பிடவே இல்லை.

மேலே ஏறி மைதானங்கள் பக்கம் போனோம். வாலிபாலுக்குத் தனி மைதானம், கபடிக்குக் கொட்டகை போட்டு மெத்தை விரித்திருக்கிறார்கள். கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேட்டிங் வளையத்தில் பொடிசுகள் விழுந்து விழுந்து எழுந்தன. கடைசியாக ஒரு சிமெண்டுத் தரை, ரெண்டு பக்கமும் கூடை. அங்கே ஆடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வீல்சேரில் இருந்தார்கள்.

வீல்சேரில் கூடைப்பந்து! உனக்குத் தெரியுமா இது? சக்கரம் சாய்ந்த சேர்கள், திரும்புகிற வேகத்தில் டயர் கிறீச்சிடுகிறது. ஒன்றோடொன்று மோதுகிறது. ஒரு பெண் சேரோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். ஐயோ என்று நான் சத்தம் போட்டேன், யாரும் ஓடவில்லை. அவளே கையை ஊன்றி, ஒரு உந்து உந்தி நிமிர்ந்து, பந்து எங்கே என்று பார்த்தாள்.

இடைவேளையில் அவள்தான் என் பக்கம் வந்தாள். ரேவதி என்று பேர், ஆத்தூர்க்காரி, ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வருகிறாளாம். வந்ததும் விதி கிதி என்று ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, முந்தானை சக்கரத்துல மாட்டப் போவுது. சொருகிக்குங்க."

சொருகிக்கொண்டேன். எந்தக் கால் என்று கேட்டாள், சொன்னேன். தனக்கு ரெண்டுமே வராது என்று, வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். பந்தை என் மடியில் வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்றாள். போட்டேன். கூடைக்கு ரொம்பக் கீழேயே விழுந்து உருண்டுபோனது. எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அண்ணா. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அப்புறம் ஒரு மர நிழலில் ஒதுங்கினோம். நங்கையா வேகவைத்த நிலக்கடலை வாங்கி வந்தார். உரித்து உரித்து எனக்குப் பாதி, அவருக்குப் பாதி. எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க நங்கையா, கவிதாவுக்குத் தாய்மாமன் சீரை நீங்களே கொண்டாந்தா என்னங்க?"

அவர் கை அப்படியே நின்றது. "அதான் பெரியப்பா பையன்னு பேசி முடிச்சாச்சே."

"அவனுக்குக் கவிதா என்ன படிச்சான்னு கேட்டாக்கூடத் தெரியாதுங்க."

"நா தாலியறுத்தவ, சாமி. மேடையில நின்னா நாலு பேரு பேசுவாங்க."

"எங்காலைப் பாத்துங்கூடத்தான் பேசுவாங்க."

அவர் மறுபடி கடலையை உரிக்கத் தொடங்கினார். நானே தொடர்ந்தேன். "நீங்க தட்டத்தோட மேடைக்கு வந்தா, நானும் மேடையில இருக்கறேன். நீங்க வரலீன்னா நானும் ரூமுக்குள்ளயே இருந்துக்கறேன். உங்க இஷ்டம்."

அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன்னைத்தான் நினைத்தாரோ, ஊரை நினைத்தாரோ தெரியவில்லை. "இதுக்குத்தான் உன்னை இங்க கூட்டியாந்தனாக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடலைத் தோலை எல்லாம் பொறுக்கித் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, என் சேரைத் திருப்பியபடி மெல்லக் கேட்டார்.

"எந்தக் கலர்ல சேலை எடுக்கறது?"

வீட்டுக்கு வந்து கவிதாவிடம் சொன்னோம். அவள் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மாவிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. மறுநாள் நானே போன் போட்டேன். அந்தம்மா முழுசையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், பொண்ணுக்கு யாரு மேல பிரியமோ அவங்க செய்யட்டுங்க, இதுல நாங்க சொல்ல என்ன இருக்குது என்றார்.

பெரியப்பா பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பந்தியில் முதல் இலை போட்டு உட்காரவைத்தால் சரியாகிவிடுவான், உனக்குத் தெரியாததா.

உன் மச்சான் லாரியில் இருந்தபடியே, நாலு பேரை ஏற்பாடு பண்ணித் தூக்கிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். மண்டபத்துக்காரரிடம் பேசி, வாசல் படிக்கும் மேடைக்கும் சாய்வுப் பலகை போடச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி வந்து அளவெடுத்துப் போய்விட்டார். ரொம்பச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். ஏரிக்குப் போய் அந்தப் பாதையைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதே மாதிரி வேண்டும் என்றேன்.

ஏரியில் எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கழிப்பறைக் கதவு கனமாக இருக்கிறது, சேரில் இருந்துகொண்டு இழுக்க முடியவில்லை. அதையும் காவல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்கிற வாய் வந்துவிட்டது எனக்கு. ஆனால் ஒன்று அண்ணா. அந்தப் பாதையைப் போட்ட யாரோ ஒருத்தர், நம்மைப்போல ஒருத்தர் தண்ணீர் வரைக்கும் வர ஆசைப்படுவார் என்று நினைத்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனுஷனை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீ இருக்கும்போதே அது வந்திருக்கக்கூடாதா?

முகூர்த்தத்தன்று உன் மருமகளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். நங்கையா மயில் கழுத்துக் கலர்ப் பட்டில், சீர்த்தட்டத்தோடு எல்லோருக்கும் முன்னால் நடந்து வருவார். தாய்மாமன் யார் என்று கேட்கும்போது உன் பேரை நான்தான் சொல்வேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. அழாமல் சொல்வேன் என்று மட்டும் என்னிடம் வாக்குக் கேட்காதே. சத்தமாகச் சொல்வேன், அதற்கு நான் பொறுப்பு.

உன் கூடப்பிறந்தவள், உன் மருமகளைப் பெற்றவள்,
மல்லி