ஏழுக்கு எத்தனை கிரெடிட்

ஜனவரி 11
ஏழாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ஏழு செமஸ்டர்களின் சராசரிகளையும் கூட்டி ஏழால் வகுத்தேன். 7.03. கேம்பஸுக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனி கேட்பது ஏழு. போதும். அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அப்பாடா, இனிமே உன் வேலையைப் பத்தி அம்மா என்னைத் தொணதொணக்க மாட்டாங்க" என்றாள்.

ஜனவரி 12
ப்ராஜெக்டில் என் கூட்டாளி ஆமை. வகுப்பு வைத்த பெயர், பொருத்தமான பெயர். மின்சாரச் சக்கர நாற்காலிக்கு மோட்டார் கட்டுப்பாடு செய்கிறோம். சரிவில் நிறுத்தினால் பின்னால் உருள்கிறது என்று மூன்று வாரமாக அதையே நோண்டுகிறான். "டேய், லேப் தரை சமமாத்தான் இருக்கு. டெமோ காட்டிட்டுக் கிளம்பலாம்" என்றேன். வாயில் ஸ்க்ரூவைக் கவ்வியபடியே, "உக்காந்திருக்கறவரு லேபுக்குள்ளயேவா சுத்துவாரு?" என்றான். எரிச்சல்.

ஜனவரி 27
கம்பெனி வந்தது. சான்றிதழ் பார்க்கிற மேஜையோடு என் கதை முடிந்தது. "ஆறு புள்ளி ஒம்பது மூணு, தம்பி. பின்னாடி இருக்கறவருக்கு வழி விடுங்க."
7.03 எங்கே போச்சு?

ஜனவரி 28
மடையன். எல்லா செமஸ்டருக்கும் ஒரே எடை இல்லை. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 8.4 வாங்கிய முதல் செமஸ்டருக்கு 18 கிரெடிட். 5.8-இல் கவிழ்ந்த மூன்றாவதற்கு 26. நானோ சராசரிகளுக்குச் சராசரி எடுத்திருக்கிறேன். சென்சார் தரும் எண்களுக்கெல்லாம் எடை போட்டுப் பார்க்கிறவன், சொந்த மார்க்கில் கோட்டை விட்டேன்.
அக்காவிடம் எப்படிச் சொல்ல?

ஜனவரி 29
சொன்னேன். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சாப்டியா?" திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 2
ஜூனில் மறுபடி வருவார்களாம். கடைசி செமஸ்டருக்கு 20 கிரெடிட். நான்கு பாடங்கள், தலா 2. மீதி 12-ம் ப்ராஜெக்ட். பாடங்களில் ஏழேழு வாங்கினால் ப்ராஜெக்டில் எட்டு வேண்டும். அதிலும் ஏழுதான் என்றால் 6.94. என் பிழைப்பு மொத்தமும் ஆமையின் சரிவில் நிற்கிறது.

பிப்ரவரி 3
லேபுக்குப் போனேன். "என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் ஆமை. கணக்கைக் காட்டினேன். பார்த்தான். "சரி, அந்த ஸ்பேனரை எடு."

மார்ச் 19
உருள்கிறது.

ஏப்ரல் 8
உருளவில்லை! "பிரேக் முழுசாப் பிடிச்சதுக்கு அப்புறந்தான் மோட்டாரை நிறுத்தணும். அவ்ளோதான்டா" என்கிறான். அவ்வளவுதானாம். இதற்குத்தான் இத்தனை மாசம் உயிரை வாங்கினான். நானும் கூட இருந்தேன் என்பதால் திட்ட மனசு வரவில்லை.

மே 14
வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, நாற்காலியை அதன்மேல் ஏற்றச் சொல்லி, தானே உட்கார்ந்துகொண்டார். நல்ல கனம். நிறுத்தினார். நாற்காலி அசையவில்லை. நான் மூச்சு விட்டேன். ஆமை கொட்டாவி விட்டான்.

ஜூன் 6
ப்ராஜெக்டில் 9. மற்றதெல்லாம் 7. மொத்தம் 7.08. இந்த முறை கிரெடிட்டால் பெருக்கித்தான்.

ஜூன் 20
வேலை கிடைத்துவிட்டது. நேர்காணலில் கேட்டதெல்லாம் அந்தச் சரிவைப் பற்றி. என் கூட்டாளி கண்டுபிடித்தது என்றேன். "அவர் வரலையா?" "அவனுக்கு 6.31, சார்." "ஓ" என்று அடுத்த தாளைப் புரட்டினார்.
அக்கா ஃபோனில் அழுதாள். எனக்கு அசதிதான்.

ஜூன் 22
ஆமை அறைக்கு வந்தான். பழைய பாடங்களில் இரண்டைத் திரும்ப எழுத அனுமதி உண்டாம். "நீதான் இப்பக் கணக்குப் புலியாச்சே. ரெண்டுலயும் பத்துக்குப் பத்து வாங்கினா ஏழைத் தொடுமா?"
போட்டேன். 6.55.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் பட்டென்று போட்டு உடைக்கிற வாய் எனக்கு.
"இருடா" என்றேன். "எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன்."