ஐந்து துள்ளல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் போடுகிற ஆள் இல்லை நீ. அதனால் என் மோட்டார் வண்டியையே அனுப்புகிறேன். துள்ளலை அடக்க நானே செய்த தணிப்பான் சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. இரண்டு தட்டு, நடுவில் தோல் வட்டு, இறுக்க ஒரு திருகு, சக்கர அச்சோடு சேர்க்க ஓர் இரும்புக் கை. உன் சோதனைச்சாலை 'சரி' என்று எழுதினால்தான் வாடகை வண்டி முதலாளி பத்து வண்டி கேட்பார். இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். தாட்சண்யம் பார்க்காதே. கொஞ்சம் பார்த்தாலும் கோபிக்க மாட்டேன்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

மூக்கைச் சிந்தாமல் படி. பின் இருக்கையில் மூன்று ஆள் கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, பலகை மேலிருந்து சக்கரங்களை இறக்கினேன். இரண்டு துள்ளலில் அடங்க வேண்டிய வண்டி ஐந்து துள்ளியது. மூன்று தடவை பார்த்தும் ஐந்துதான். 'சரி' என்று எழுத என் கை வரவில்லை. அறிக்கையை முதலாளிக்கு அனுப்பிவிட்டேன். தோலில் பிடிமானமே இல்லையடா. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். உனக்கு எப்போதும் அவசரம். வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன். திருகை ஒன்றரைச் சுற்று இறுக்கிப் பார்.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. "உங்க அக்காவே வேணாங்குறாங்க, நான் எப்படிப்பா வாங்குறது?" என்று முதலாளி கேட்டார். மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திய தோல் அது. இருந்தாலும் நீ சொன்னபடி இறுக்கினேன். பட்டறை வாசலில் இரண்டே துள்ளலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் முதலாளிக்கு ஓட்டிக் காட்டப் போகிறேன். பின் இருக்கையில் என் மனைவி உட்காருவாள். "உங்க அக்கா கணக்கு தப்பாதுங்க, எனக்கென்ன பயம்?" என்கிறாள்.

தம்பி

மார்ச் 16, சனி

தம்பி,

வண்டியை எடுக்காதே! தப்பு என்னுடையது. இதே மாதிரித் தோல் தணிப்பானோடு இன்று வந்த வேறொரு வண்டியும் ஐந்து துள்ளியது. அப்புறம்தான் என் கையிலிருந்த எண்ணெய்க் கேனைப் பார்த்தேன். கிறீச்சிடும் மூட்டுக்கெல்லாம் சோதனைக்கு முன் எண்ணெய் விட வேண்டும் என்பது இங்கே நான் போட்ட விதி. உன் தணிப்பான் உராய்ந்தால்தான் வேலை செய்யும், கிறீச்சிடத்தான் செய்யும். அதில் எண்ணெய் விட்டவள் நான். ஊறிய தோலைத்தான் நீ இறுக்கியிருக்கிறாய். ஓட ஓட எண்ணெய் பிழிந்து போய், தோல் ஒரேயடியாகக் கவ்வும். பள்ளத்தில் விழுந்தால் தணிப்பானின் கை முறியும். புத்தி கெட்டுப் போனேனடா. மழையில் தந்திக் கம்பி அறுந்து கிடக்கிறது. இதை ரயில் தபாலில் போடுகிறேன். தோலை மாற்று. அவளை ஏற்றாதே.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது.

மூன்றாவது வளைவில் பள்ளத்தில் இறங்கியதும் வலப்பக்கத்துத் தணிப்பானின் கை முறிந்து, வண்டி ஓரச் சுவரில் மோதியது. முதலாளிக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். உன் கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். நீ எழுதியிருக்காவிட்டால் பழி முழுக்க என் தலையில் விழுந்திருக்கும். பத்து வண்டிப் பேச்சை விட்டுவிட்டார். பழைய இறுக்கத்தில், புதுத் தோலோடு ஒரே ஒரு வண்டி செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அதை வேறு ஆளிடம் சோதிக்கக் கொடுக்கிறேன். இனிமேல் உன்னிடம் அனுப்ப மாட்டேன், அக்கா. மனசு ஒப்பவில்லை.

இடது கையால் தலை வார முடியாமல் அவள் அழுகிறாள். நான் வாரினால் வலிக்கிறதாம். "உங்க அக்காவ வரச் சொல்லுங்க" என்கிறாள். சனிக்கிழமை ரயிலுக்கு வா. நான் நிலையத்தில் நிற்பேன்.

உன் தம்பி