ஊரே படித்த கடிதங்கள்

8.2.99, திங்கள்

கொழும்பிலிருந்து பேக்ஸ். எஸ்.டி.டி. பூத்துக்குள் நான் நுழையும் முன்பே பூத்துக்காரர் கண்ணுச்சாமி செய்தி வாசித்துவிட்டார். "ரேட்டைக் கொறைக்கச் சொல்லுதாகக்கா. இனிமே பேக்ஸ் வேண்டாமாம், இ-மெயில் முகவரி கேக்காக." டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்காகக் கடிதம் எழுதுவது நான். படிப்பது ராஜபாளையம் முழுவதும்.

12.2.99

மச்சானிடம் சொன்னேன். கட்டிய நாளிலிருந்து வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். "அதெல்லாம் பெரிய மில்லுக்காரவுக சமாச்சாரம், அசீனா." நம்மைப் போலவே ஆறு தறி வைத்திருக்கும் சேதுபதி இ-மெயில் முகவரியைக் கார்டில் அடித்துக் கொடுக்கிறார் என்றேன். உடனே அது சின்ன சமாச்சாரமாகிவிட்டது.

16.2.99

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஐயாதுரையின் கம்ப்யூட்டர் சென்டரைப் பார்த்தேன். வியாபாரிகள் எல்லோருக்கும் சென்டரின் ஒரே முகவரி. வரும் கடிதங்களை அச்செடுத்து வாசல் பலகையில் குத்தி வைக்கிறார். "அவியவிய கடுதாசியை அவியவிய எடுத்துக்கிடலாம்." பாதுகாப்பு? "குண்டூசி குத்தியிருக்கோமேக்கா."

22.2.99

மதுரையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அவர் விற்கும் இ-மெயிலுக்கு மூன்று பாஸ்வேர்டு, கூடவே ஒரு பிளாப்பி. எங்களுக்குக் காட்ட ஐயாதுரையின் கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் முயன்றார். அவராலேயே உள்ளே போக முடியவில்லை. "எம்புட்டுப் பாதுகாப்பு பாத்தியா" என்றார் மச்சான், பயபக்தியோடு. வாஸ்தவம்தான். எங்களுக்கே கிடைக்காத கடிதம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

25.2.99

ஐயாதுரையிடம் தனி முகவரி கேட்டேன். இலவசமாகவே இருக்கிறதாம். ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? "நீங்க கேக்கலையேக்கா." பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். எழுந்திருக்கும் முன் கணக்கை மூடச் சொன்னார். இல்லையென்றால் அடுத்து உட்காருகிறவர் படித்துவிடுவாராம். இரண்டு தடவை மூடினேன். கொழும்புக்கு ரேட்டு போய்விட்டது.

9.3.99

போச்சு. ஆர்டர் சேதுபதிக்கு. நம் ரேட்டுக்குக் கீழே மயிரிழை அளவு குறைத்துக் கொடுத்திருக்கிறார். எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தானே — ஐயாதுரையா? ஒழுங்காத்தானே மூடினேன்? தறி ஓட்டும் கருத்தம்மாள் கேட்டாள்: "அடுத்த வாரம் வேலை இருக்காம்மா?" என்னத்தச் சொல்ல.

10.3.99

ஐயாதுரையோடு சண்டைக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது மச்சான் சாவகாசமாகச் சொன்னார்: "அவனை ஏன் வையப் போற? சேதுபதிகிட்ட நாந்தான் சொன்னேன். நாங்களும் இ-மெயில்லதான் ரேட்டு அனுப்புதோம்னேன். எம்புட்டுன்னு கேட்டான். மூஞ்சிக்கு நேரா கேக்கும்போது எப்படி மறைக்க?"

செருப்பைக் கழற்றிவிட்டேன். மதுரைக்காரரின் மூன்று பாஸ்வேர்டும் சேர்ந்தாலும் இந்த வாயைப் பூட்டியிருக்குமா? ஆறு தறி நிக்கப் போகுது. இவுகளுக்குப் பெருமை கேக்குது.

11.3.99

இன்று குழம்பில் உப்புப் போடவில்லை. கேட்காமல் சாப்பிட்டார்.

6.4.99, செவ்வாய்

கொழும்பிலிருந்து இன்னொரு கம்பெனி விலை கேட்டு எழுதியிருக்கிறது. மச்சானும் பஸ்ஸில் கூட வந்தார். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் தன் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ரேட்டை எங்கிட்டச் சொல்லாத, அசீனா. யாராச்சும் கேட்டா சொல்லிப்புடுவேன்."

தட்டி முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

19.4.99

ஆர்டர் வந்துவிட்டது. கருத்தம்மாளை நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டேன். மச்சான் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு ஷிப்டு ஓடுமா?"

ஓடும் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. நூல் எடுக்கக் கிளம்பிவிட்டார்.