இருபத்திநாலுக்கு நாற்பத்தெட்டு

என் வாலுப் பேத்திக்கு,

பாட்டி ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. பேட்டரி தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்கே நீதான் பொறுப்பாமே! கீழ்வீட்டுக்காரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவளே, "தெரியும்க்கா, தெருவுக்கே தெரியும்" என்றாள்.

இங்கே எல்லோரும் சுகம். தாத்தாதான் நீ தூரதேசம் போனதிலிருந்து உன் பேரையே எடுப்பதில்லை. ஆனால் நீ அனுப்பிய பேட்டரி சக்கர நாற்காலியில் ஏறிப் பூங்காவுக்குப் போய்ச் சீட்டாடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போன வாரம் அதன் சார்ஜர் செத்துப்போனது. உன்னைக் கேட்கலாம் என்றேன். முறைத்தார். கீழ்வீட்டு ஸ்கூட்டர் சார்ஜரை இரவல் வாங்கிச் செருகிவிட்டார். அதன் முனை கச்சிதமாகப் பொருந்தியதாம். "இருபத்திநாலு வோல்ட்டு ராத்திரி பூரா எடுக்குது. இது நாப்பத்தெட்டுடி, பாதி நேரத்துல ஏத்திடும்" என்றார். பஸ் கண்டக்டராக இருந்தவரின் கணக்கல்லவா!

நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால் அழுகிய முட்டை வாடை. பேட்டரி உப்பி, அனலாய்க் கொதித்தது. பக்கத்துக் கட்டிலில் அவர் குறட்டை விடுகிறார். சுவர் சுவிட்சை அணைத்து, சன்னலைத் திறந்து, அவரை வாசலுக்கு இழுத்துவந்தேன்.

மெக்கானிக் வந்து பேட்டரியை எடுத்துப் போய்விட்டார். "நாப்பத்தெட்டு போட்டதே தப்பு. வோல்ட்டு மட்டும் ஒத்துப்போனாலும் போதாதும்மா. இது ஈய பேட்டரி, ஸ்கூட்டரோடது லித்தியம். இருபத்திநாலே ஆனாலும் லித்தியம் சார்ஜர் போடக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து தாத்தா சன்னலோரமே கதி. சீட்டுக்கட்டைத் தொடவில்லை. நேற்று பழைய சார்ஜரைத் துடைத்து என் மடியில் வைத்தார். "எதை வாங்கணும்னு அவளையே கேட்டு எழுது. நான் சொன்னேன்னு எழுதாதே" என்றார். எழுதிவிட்டேன்.

பேட்டரியும் சார்ஜரும் நீயே பார்த்து அனுப்பு. அதற்கு முன்னால் ஒரு போன் போடு கண்ணு. தாத்தா தூங்குகிறார் என்று சொல்லச் சொல்வார். வைத்துவிடாதே. பழைய சார்ஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே படிக்கச் சொல். மெதுவாகத்தான் படிப்பார். படித்து முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொல்.

நூறு வயசு நல்லா இரு.

உன் பாட்டி