ஒரு கையெழுத்து மிச்சம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை தனியார் பாதை. பன்னிரண்டு வீட்டுக்காரரும் கையெழுத்திட்டு அதை மாநகரசபைக்கு எழுதிக் கொடுத்தால்தான் சபை தன் செலவில் தார் போடும். ஒரு வருடமாகக் கையெழுத்துக்கு அலைந்தவன் நான். எதிர்வீட்டு சிவமணி அக்காவின் வீடு கனடாவில் இருக்கும் மகன் பெயரில். அவன் கையெழுத்து வர மூன்று மாதம் பிந்தியது. "உங்களாலதான் முழு ஒழுங்கையும் சேத்துக்குள்ள கிடக்குது" என்று அவருக்கு நேரே சொன்னேன்.

இன்று எல்லாவற்றையும் சேர்த்த ஃபைலை மாநகரசபையில் கொடுத்தேன். வீட்டு உறுதிப் பத்திரங்களைப் புரட்டிய அதிகாரி எங்களுடையதில் நின்றார். இது யாருடைய பெயர் என்று சிங்களத்தில் கேட்டார். அப்பாவின் பெயர். அவர் இறந்து ஒன்பது வருடம். மற்றவர்களின் உறுதிகளையெல்லாம் சரிபார்த்த நான் எங்களுடையதை விரித்தே பார்க்கவில்லை. பெயரை மாற்றுவதென்றால் என் தம்பியும் ஒப்பமிட வேண்டும். அவனோடு நான் கதைப்பதில்லை.

திரும்பும்போது சிவமணி அக்கா தன் வீட்டு வாசல் கேற்றடியில் நின்றார்.

"என்ன தம்பி, எல்லாம் சரியோ?"

"ஓராளின்ர கையெழுத்து மிச்சம், அக்கா."

"ஆர் அது? சொல்லுங்கோ, நான் போய்க் கதைக்கிறன்."

செருப்பில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.