ஏழு கோட்டை பார்த்தவனுக்கு

ஃபோக்கோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பதினெட்டு மாடுகளும் உயிரோடு இருக்கிறோம். டொராண்டோவில் நீ நன்றாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் பண்ணையை விற்காதே, யாருக்கும் கொடுக்காதே, அது நம் ஃபிரீசிய மண்ணின் வரலாறு என்று நாலு பக்கம் எழுதத் தெம்பு ஏது? படித்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா போன பிறகு வந்த முதல் கோடையில் இரண்டு வாரம் வந்தாய். ஒன்பது நாளில் ஏழு அகழிக் கோட்டை. டோர்னும், ஹின்டே, பெவ்சும் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்தாய். எந்தத் தலைவன் எவன் தலையை வாங்கினான், எந்த அகழி எத்தனை அடி என்று தேநீர் ஆறும்வரை எனக்கே பாடம் எடுத்தாய். அறுத்துப் போட்ட புல் மழையில் நனைந்த அன்று நீ லூட்டெட்ஸ்பர்க் கோட்டையில் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். பக்கத்துப் பண்ணைத் தால்கேதான், அப்பா படுத்த நாளிலிருந்து விடியலில் வந்து பால் கறக்கிறாளே அவள்தான், தன் புல்லை விட்டுவிட்டு நம் புல்லை மூடினாள். பண்ணையை எடுத்துக்கொள்கிறாயா என்று உன்னிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். இரண்டாவது கோப்பைகூட வேண்டாமென்று கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாய். மாட்டு வைத்தியர்கூட எந்த அவசரத்திலும் மூன்று கோப்பை குடித்துவிட்டுத்தான் போவார்.

அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, உன் கடிதம் வந்த வாரம் நானே பெவ்சும் கோட்டைக்குப் போனேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. வழிகாட்டிப் பெண் பழைய சட்டம் ஒன்றைச் சொன்னாள். தன் பங்குக் கடல் அணையைக் காக்க முடியாதவன் அதில் மண்வெட்டியைக் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டுமாம். எவன் அதைப் பிடுங்குகிறானோ அவனுக்கு நிலமும் சேரும், அணையைக் காக்கும் பாடும் சேரும். போனவனுடைய மகன் வெளியூரில் இருந்தால் என்று கேட்டேன். "வெளியூர்ல இருக்கிறவன் எப்படிம்மா பிடுங்குவான்?" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்ததும் அப்பாவின் மண்வெட்டியை எடுத்தேன். அணையில் குத்தினால் அணைக்காரர்கள் வந்து சண்டை போடுவார்கள் என்று தொழுவ வாசலில் குத்தினேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள், எனக்கென்ன. மறுநாள் காலையில் அங்கே மண்வெட்டி இல்லை. தால்கே பிடுங்கி, மண் துடைத்து, எண்ணெய் தடவிக் கொட்டகையில் மாட்டியிருந்தாள். மழையில் நின்றால் துருப்பிடிக்காதா என்று என்னைத் திட்டினாள். அந்தப் பழைய சட்டத்தைச் சொன்னேன். "அப்ப ஃபோக்கோவுக்கு?" என்று கேட்டாள். "அவனுக்கு ஏழு கோட்டை இருக்கு. நீ பாலைக் கற" என்றேன். போன வியாழக்கிழமை ஔரிச் நகரத்துக்குப் போய்ப் பண்ணையை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்மூடும்வரை எனக்குப் பின்னறை போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக் காலுறை போடு, திட்டுகிறவளும் பெற்றவள்தான். நீயும் உன் பெண்டாட்டியும் நூறு வயது இருங்கள், அங்கேயே இருங்கள். மாடியில் கிடக்கும் உன் வரலாற்றுப் புத்தகப் பெட்டிகளை வசந்தத்துக்குள் எடுக்க ஏற்பாடு செய், தால்கே அங்கே வைக்கோல் அடுக்கப் போகிறாள். அடுத்த கோடையில் வந்தால், கோட்டைக்குள் போகச் சீட்டு வாங்கினால் போதும். இந்த வீட்டுக்குள் வர தால்கேயைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா கேஸ்கே